பாலம் வளர்ந்ததா, மண் தாழ்ந்ததா?



நம் சுங்கை பெசார் வட்டாரத்துத் தோட்டப் பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஓர் ஓசை நன்றாகத் தெரியும். பாரிட்டைக் கடக்கும் சின்னச் சிமெண்டுப் பாலத்தை நெருங்கும்போது முன்சக்கரம் 'டொப்' என்று முட்டும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒரு துள்ளுத் துள்ளும். பகலில் என்றால் சிரித்துக்கொண்டே போய்விடலாம். ஒரு மழைக்காலத்தில், விடியுமுன் பெரட்டுக்குப் புறப்பட்ட எங்கள் மாணவன் ஒருவனின் தகப்பனார் அப்படி ஒரு பாலத்தின் விளிம்பில் மோதிக் கீழே விழுந்தார். கையெலும்பு முறிந்தது. இரண்டு மாதம் அவரால் செம்பனைக் குலை அறுக்க இயலவில்லை. அந்த இரண்டு மாதமும் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் அந்தப் பையன் வகுப்பில் எழுந்து நின்று, "சார், பாலம் ஏன் சார் உயரமாப் போச்சு?" என்று கேட்டான். அவனுடைய தாத்தா, பாலம் போட்ட நாளில் அது பாதையோடு சமமாகத்தான் இருந்தது, வருடா வருடம் வளர்ந்துவிட்டது என்று சொன்னாராம். பெரியவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். ஆனால் கண் கண்டதற்குக் காரணம் வேறு. பாலம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள மண்தான் தாழ்ந்துகொண்டே போகிறது.

இதற்குச் சாட்சி நம் தோட்டத்திலேயே உண்டு. கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி, 'கம்புட்' என்று மலாய்க்காரர்கள் சொல்லும் கறுத்த மக்கு மண்ணில் நட்ட செம்பனைகளைப் பாருங்கள். வேர்கள் தரைக்கு மேலே சிலந்திக்கால் போலத் தெரியும். மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். மரமா எம்பி மேலே வந்தது? இல்லை. பாரிட் வெட்டி நீரை வடித்ததும், பல்லாயிரம் ஆண்டுகளாக நீருக்குள் மக்காமல் கிடந்த இலையும் வேரும் காற்றுப் பட்டு மக்கத் தொடங்குகின்றன. குப்பைக்குழி நாளுக்கு நாள் தாழ்வதுபோல நிலமே தாழ்ந்துவிடுகிறது. மேற்கு ஜோகூரின் கம்புட் நிலங்களில் பல ஆண்டுகள் அளந்து பார்த்ததில், நீர் வடித்த தொடக்கக் காலத்தில் தாழ்வு வேகமாக இருந்து, பின்னர் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் என்ற கணக்கில் தொடர்ந்தது தெரிய வந்தது. பிறந்த பிள்ளை ஆறாம் வகுப்பு முடிக்குமுன் ஏறத்தாழ முக்கால் அடி என்று வைத்துக்கொள்ளலாம்.

கடலோரப் பக்கம் கம்புட் இல்லை. அங்கே இருப்பது கடல் சேர்த்த மென்களிமண். அதன் குணம் வேறு. அரிசியை ஈரமாக அரைத்துத் துணியில் மூட்டையாகக் கட்டி, மேலே அம்மிக் குழவியை வைத்துவிட்டுப் படுத்தால், காலையில் நீர் வடிந்து மூட்டை சப்பிக் கிடக்கும் அல்லவா? சாலையின் பாரம் களிமண்ணின்மேல் செய்வதும் அதுதான். மாவு மூட்டைக்கு ஓர் இரவு போதும். களிமண்ணுக்குப் பல ஆண்டுகள் வேண்டும். பாலம் மட்டும் தப்பித்துக்கொள்கிறது. ஏனெனில் பாலத்துக்குக் கீழே முளைக்கம்பங்கள் அடித்திருப்பார்கள். முற்காலத்தில் பக்காவ் மரம், பின்னர் சிமெண்டுத் தூண். அவை கெட்டியான அடிமண்ணைத் தொட்டு நிற்கும். சாலை மிதக்கிறது, பாலம் ஊன்றி நிற்கிறது. இரண்டும் சேரும் இடத்தில்தான் அந்த 'டொப்'.

இங்கே நேயர்களில் சிலர், "அப்படியானால் பூமி கீழே மட்டுந்தான் போகுமா, மேலே வருவதே இல்லையா?" என்று கேட்கலாம். வருகிறது. தாத்தா சொன்னதுபோல் பாலமும் கம்பமும் உண்மையாகவே 'வளரும்' நாடுகள் உண்டு. அவை குளிர் நாடுகள். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். ஏனெனில் நம் பாலத்துக்கு மருந்தும் அங்கிருந்துதான் வந்தது.

கனடா, நார்வே, அமெரிக்காவின் வட மாநிலங்கள் ஆகிய இடங்களில் குளிர்காலத்தில் தரைக்குள் ஒரு மீட்டர், சில இடங்களில் இரண்டு மீட்டர் ஆழம்வரை மண் உறைந்துபோகும். ஊட்டியிலும் நுவரெலியாவிலும் விழும் உறைபனியை எண்ணிப் பார்க்காதீர்கள். அது புல்லின்மேல் படிந்து, வெயில் ஏறியதும் போய்விடும். இது மாதக்கணக்கில் நிலத்துக்குள் இறங்கும் குளிர். அப்போது சாலை அங்கங்கே புடைத்து எழும். வேலிக்கம்பங்களும் சாலைப் பலகை நட்ட கம்பங்களும் கொஞ்சங் கொஞ்சமாக மண்ணைவிட்டு வெளியே வரும். சாக்கடைக் குழியின் இரும்பு மூடி ஓரிடத்தில் சாலைக்கு மேலே துருத்தும், இன்னோரிடத்தில் பள்ளமாகும். இதை நாம் உறைபனிப் புடைப்பு என்று சொல்வோம்.

காரணம் என்ன? தண்ணீர் உறைந்தால் பருக்கும் என்பது பிள்ளைகளுக்கே தெரியும். பிளாஸ்டிக் பையில் சிரப்பு ஊற்றிக் கட்டி ஐஸ்பெட்டியில் வைத்தால் பை விம்மிவிடும். அந்தப் பருமன் சுமார் 9 விழுக்காடு. நெடுநாள் அறிஞர்களும் இதுவே காரணம் என்றுதான் நினைத்திருந்தார்கள். ஆனால் கணக்குப் போட்டால் உதைக்கிறது. ஒரு மீட்டர் ஆழ மண்ணில் 40 சென்டிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் இருந்தாலும், அதில் 9 விழுக்காடு என்றால் 4 சென்டிமீட்டருக்கும் குறைவு. சாலைகளோ சில இடங்களில் ஒரு சாண் உயரம் எழுகின்றன. மீதி எங்கிருந்து வந்தது?

இந்தப் புதிரை அவிழ்த்தவர் ஸ்டீபன் டேபர் என்னும் நிலவியல் பேராசிரியர். வேடிக்கை என்னவென்றால் அவர் வேலை பார்த்தது வெப்பமான தென் கரோலினா பல்கலைக்கழகத்தில். 1929லும் 1930லும் அவர் தம் ஆய்வுகளை வெளியிட்டார். மண்ணை நீருக்குப் பதிலாகப் பென்சீன் என்னும் திரவத்தால் நனைத்து, மேலிருந்து உறையவைத்தார். பென்சீன் உறைந்தால் பருக்காது, சுருங்கும். அப்படியிருந்தும் மண் மேலே எழுந்தது! ஆகவே பருமன் அல்ல முக்கியக் காரணம். உறையும் இடம் கீழேயுள்ள ஈரத்தை மேலே இழுக்கிறது. குத்துவிளக்கின் திரி எண்ணெயை இழுப்பதுபோல, மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் ஏறி ஏறி வந்து, தட்டுத் தட்டாகப் பனிக்கட்டி அடுக்குகளாய்ப் படிகிறது. ஒவ்வோர் அடுக்கும் தன்மேல் இருப்பதைத் தூக்குகிறது. கீழே நீர் இருக்கும்வரை, மேலே குளிர் இருக்கும்வரை, இந்தத் தூக்கும் வேலை நிற்காது.

எல்லா மண்ணும் நல்ல திரியாகாது. பருமணலில் துளை பெரிது, இழுக்கும் வலு இல்லை. கெட்டிக் களிமண்ணில் துளை மிக நுண்ணியது, நீர் நகரவே நாளாகும். நடுத்தரமான வண்டல்தான் பொல்லாதது. 1930களின் தொடக்கத்தில் ஆர்தர் காசகிராண்டி என்னும் மண்ணியல் பொறியாளர் சாலைக்காரர்களுக்கு எளிய அடையாளம் ஒன்று சொன்னார். பல அளவுத் துகள் கலந்த சரளை மண்ணில், 0.02 மில்லிமீட்டரைவிடச் சிறிய துகள் 3 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் எச்சரிக்கையாய் இரு என்பதே அது. அரிசி மூட்டைக்குள் ஒரு பிடி மாவு கலந்தாற்போலத்தான். அவ்வளவே போதும் சாலையைத் தூக்க.

கம்பம் வெளியே வருவது எப்படி என்பதையும் சொல்லிவிடுவோம். மேல்மண் உறையும்போது கம்பத்தை இறுகப் பற்றிக்கொண்டு எழுகிறது. கம்பமும் கூடவே எழ, அடியில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. வெயில் வந்து பனி இளகும்போது அந்த வெற்றிடத்தில் மண் சரிந்து விழுந்துவிடும். கம்பம் இறங்க இடமேது? அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம். பல் ஆடி ஆடி விழுவதுபோல் ஒருநாள் கம்பம் சாய்ந்துவிடும்.

ஆகவே குளிர் நாடுகளில், சாலையில் பதிக்கும் எந்தப் பொருளையும் சோதித்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். சோதனை இரண்டு வகை. முதலாவது பெட்டிக்குள் செய்வது. சிமெண்டுக் கட்டையை எடுத்து, 4 டிகிரியிலிருந்து உறைநிலைக்குக் கீழே 18 டிகிரிவரை குளிர்வித்து, மறுபடியும் சூடேற்றுவார்கள். இப்படி 300 முறை! ஒவ்வொரு சுற்றும் இரண்டு மணி முதல் ஐந்து மணி நேரம் பிடிக்கும். இடையிடையே கட்டைக்குள் அதிர்வைச் செலுத்தி, உள்ளே கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சட்டி வாங்கும்போது நம் பாட்டிமார் விரலால் சுண்டி ஓசை கேட்பதில்லையா, அதே யுக்திதான்.

மண்ணுக்கும் சரளைக்கும் இங்கிலாந்தில் வேறொரு சோதனை உண்டு. பொருளை உருளையாகப் பிடித்து, கால்மாட்டில் 4 டிகிரி நீரும் தலைமாட்டில் உறைநிலைக்குக் கீழே 17 டிகிரிக் காற்றும் படும்படி நான்கு நாள் நிறுத்திவைப்பார்கள். 15 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டால், சாலையின் மேல்மட்டத்திலிருந்து 450 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் அந்தச் சரக்குக்கு இடமில்லை.

ஆனால் பெட்டிக்குள் தேறியதெல்லாம் பாதையில் தேறிவிடாது. பெட்டிக்குள் லோரி ஓடுவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் கம்பத்தை ஈர மண் பற்றி இழுப்பதில்லை. அதனால் இரண்டாவது சோதனை வெட்டவெளியில். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைக்கென்றே சாலை வளையங்கள் போட்டு, இராணுவ வீரர்களைக் கொண்டு இரவும் பகலும் லோரி ஓட்டினார்கள். 11 லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை சுமையேறிய அச்சுகள் அந்தத் தளங்களின்மேல் உருண்டன. சாலைகள் பெரும்பாலும் கெட்டது கடுங்குளிரில் அல்ல. பனி இளகும் வசந்தகாலத்தில்தான். பனித்தட்டுகள் உருகி, நீர் கீழே இறங்க வழியில்லாமல், மண் கஞ்சியாகிக் கிடக்கும் நேரம் அது. இதனால்தான் குளிர் நாடுகள் பலவற்றில் வசந்தகாலத்தில் சில வாரங்களுக்குக் கனமான லோரிகளின் பாரத்தைக் குறைக்கச் சட்டமே வைத்திருக்கிறார்கள். குளிரில் மட்டும் சோதித்து முடித்திருந்தால் சாலை நல்ல சாலை என்று முத்திரை வாங்கியிருக்கும்.

சாலைப் பொருள்களில் ஒன்றைப் பற்றித் தனியே சொல்ல ஆசை. நம் தோட்டத்து மக்களுக்கு அதில் ஓர் உறவு இருக்கிறது. இரவில் வண்டி விளக்குப் பட்டதும் சாலை நடுவே மின்னும் பூனைக்கண்ணைத்தான் சொல்கிறோம். இங்கிலாந்தின் ஹாலிபாக்ஸ் ஊரைச் சேர்ந்த பெர்சி ஷா என்பவர் 1934இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கண்ணாடி மணிகளை ஓர் இரப்பர்க் கட்டையில் பதித்து, அதை இரும்புக் கூட்டுக்குள் வைத்தார். சக்கரம் ஏறினால் இரப்பர் அமுங்கும். அமுங்கும்போது, கூட்டில் தேங்கிய மழைநீரைக் கொண்டு இரப்பரே கண்ணாடியைத் துடைத்துவிடும். கண் இமைப்பதுபோல! அந்நாளில் உலகத்து இரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்துதான் கப்பலேறியது. விடியற்காலையில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நம் பாட்டன் பாட்டி பால் வெட்டிய காலம் அது. ஷாவின் கட்டைக்கு எந்தத் தோட்டத்துப் பால் போயிற்று என்று எழுதிவைத்தவர் யாருமில்லை. நம்மவர் வெட்டிய பாலும் அதில் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு மகிழ்ச்சி.

பூனைக்கண் நல்லதுதான். ஆனால் பிடி தளர்ந்தால் அதுவே ஆபத்து. 1999 ஏப்ரலில் இங்கிலாந்தின் எம் 3 நெடுஞ்சாலையில், முன்னால் போன வேனின் சக்கரம் பெயர்த்தெறிந்த பூனைக்கண் ஒன்று, பின்னால் வந்த காரின் கண்ணாடியை உடைத்து உள்ளே பாய்ந்தது. காரில் இருந்த பெண் இறந்துபோனார். அமெரிக்காவில் மாநில நெடுஞ்சாலைத் துறைகள் ஒன்றுகூடி, இத்தகைய ஒளிக்கட்டைகளைப் பனி பெய்யும் மாநிலத்திலும் வெயில் மாநிலத்திலும் ஓடுகிற சாலையிலேயே பதித்து, எத்தனை நிலைத்தன, எத்தனை பெயர்ந்தன என்று எண்ணிப் பார்க்கின்றன. ஒரே பொருள் ஓரிடத்தில் தேறும், மற்றோரிடத்தில் தோற்கும்.

இனி நம் பாலத்துக்கு வருவோம். நார்வே நாட்டுச் சாலைத்துறையினர் 1960களின் நடுவிலிருந்து, உறைபனி மண்ணுக்குள் இறங்காமல் தடுக்கச் சாலைக்கு அடியில் நுரைப்பலகை விரித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நுரைப்பலகை என்றால் புதுமையானது ஒன்றுமில்லை. செகிஞ்சானில் மீனையும் ஐஸையும் போட்டுவைக்கும் வெள்ளைப் பெட்டி இருக்கிறதே, அதே சரக்கு. இப்படியிருக்க, ஆஸ்லோ நகரத்துக்கு அருகே ஃபுலோம் என்னும் இடத்தில் ஒரு பாலம் தலைவலி கொடுத்தது. அங்கே அடியில் 3 மீட்டர் மக்கு மண். அதற்கும் கீழே 10 மீட்டர் மென்களிமண். பாலம் நின்றது; சேரும் சாலையோ ஆண்டுக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தாழ்ந்தது. நம் ஊர்க் கதையேதான், வேகம்தான் அதிகம். ஒவ்வோர் ஆண்டும் மேலே கொட்டி நிரப்பினார்கள். கொட்டியதும் பாரம்தானே? பாரம் கூடக் கூடத் தாழ்வும் கூடியது. 1972இல் ஒருவருக்கு எதிர்மாறாகத் தோன்றியது. குளிருக்குப் போர்வையாகச் சோதித்த நுரையையே பாரம் குறைக்கப் பயன்படுத்தினால் என்ன? ஒரு மீட்டர் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு நுரைக்கட்டைகளை அடுக்கி, அதன்மேல் சாலை போட்டார்கள். நுரையின் எடை மண்ணின் எடையில் நூறில் ஒரு பங்குதான். தாழ்வு அடங்கியது. இருபது ஆண்டுகளுக்கும் மேலான பின் கட்டைகளைத் தோண்டி எடுத்துச் சோதித்தபோது அவை வலுவிழக்கவில்லை. ஒன்றிரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பெட்ரோல் சிந்தினால் நுரை கரையும். வெள்ளம் வந்தால் மிதக்கப் பார்க்கும். வெள்ளம் தேங்கும் நம் தாழ்நிலத்தில் இரண்டாவது எச்சரிக்கை முக்கியம்.

நார்வேக்காரரின் அளவை அப்படியே நம் மண்ணுக்கு எழுதிக்கொள்ளலாமா? கூடாது என்பதை நம் நாட்டார் உணர்ந்தே இருந்தார்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை கட்டிய காலத்தில், 1980களின் கடைசியில், மலேசிய நெடுஞ்சாலை வாரியம் மூவார் சமவெளியில் சோதனைக்கென்று மண்கரைகள் பலவற்றை எழுப்பியது. அங்கே மென்களிமண் 15 மீட்டருக்கும் மேல் ஆழம். ஒவ்வொரு கரைக்கும் ஒவ்வொரு வைத்தியம். ஒரு கரைக்கு மட்டும் வைத்தியமே இல்லை. அதை வேண்டுமென்றே, இடிந்து விழும்வரை உயர்த்திக்கொண்டே போனார்கள். எந்த உயரத்தில் விழும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும்படி வெளிநாட்டு அறிஞர்களையும் கேட்டுக்கொண்டார்கள். ஆளுக்கொரு விடை வந்தது. கரையோ 5.4 மீட்டர் உயரத்தில் சரிந்தது. 1989இல் கோலாலம்பூரில் கூடி அந்த முடிவுகளை அலசினார்கள். பாங்காக் ஆசியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் பாலசுப்பிரமணியம், இந்திரரத்னா, பாலச்சந்திரன் ஆகிய மூவர் அதுபற்றி எழுதிய கட்டுரை 1992இல் அமெரிக்கப் பொறியாளர் சங்க ஏட்டில் வெளிவந்தது. படித்த கணக்கெல்லாம் இருந்தும், மூவார் களிமண்ணைப் பற்றி மூவார் களிமண்ணிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

நம் பாரிட் பாலத்துக்கு இவ்வளவு பெரிய சோதனை யாரும் வைக்கப்போவதில்லை. முட்டு பெரிதானால் ஒரு லோரி செம்மண்ணைக் கொட்டிச் சமப்படுத்திவிட்டுப் போவார்கள். அந்த ஆறுதல் கொஞ்ச நாளைக்குத்தான் என்பது இப்போது நமக்குத் தெரியும். கொட்ட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கை முறிவதைவிடச் செம்மண் மேல். ஆனால் ஆண்டுக்கு எத்தனை லோரி போகிறது, எவ்வளவு தாழ்கிறது என்ற கணக்கு ஒன்று இருந்தால், தோட்ட நிர்வாகத்திடமோ ஜே.கே.ஆரிடமோ பேசும்போது, "பாலம் உயரமாகிவிட்டது" என்பதற்கும் மேலாகச் சொல்ல நம்மிடம் ஏதாவது இருக்கும். ஒரே பாலத்தில் தாழ்வு ஆண்டுக்காண்டு குறைந்துவந்தால் களிமண் நீரை வடித்துக் கெட்டிப்பட்டு வருகிறது என்று கொள்ளலாம். குறையாமலே போனால் அடியில் கம்புட் மக்குகிறதா, கொட்டிய பாரம் அழுத்துகிறதா என்று தோண்டிப் பார்க்கச் சொல்லலாம். இரண்டுக்கும் வேலை வேறு, செலவும் வேறு.

இதற்குக் கருவி பெரிதாக வேண்டியதில்லை. பாலத்தின் பக்கச் சுவரில் சாயத்தால் ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து சாலைவரை அளக்க ஓர் அளவுகோல். தேதி எழுத ஒரு நோட்டுப் புத்தகம். மாதம் ஒரு முறை, மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வேண்டாம், தரை காய்ந்த நாளில் அளக்க வேண்டும். செம்மண் கொட்டினால் அன்றைய தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு குழம்பிவிடும். விளிம்பிலும் கோட்டிலும் வெள்ளைச் சாயம் பூசிவைத்தால் விடியற்காலை இருட்டில் வண்டி விளக்குக்கு அது தெரியவும் தெரியும்.

எங்கள் வகுப்பில் ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் நான்கு பாலங்களுக்கு அப்படிக் கோடு போட்டிருக்கிறார்கள். நோட்டுப் புத்தகத்தை வைத்திருப்பவன், தகப்பனார் விழுந்த அந்தப் பையன்தான். அவருக்குக் கை சேர்ந்துவிட்டது; வேலைக்கும் போகிறார். அளவு எடுக்கும் நாளில் அளவுகோலின் அடிமுனையைப் பிடித்துக்கொள்பவர் தாத்தா. பாலம் வளரவில்லை என்பதை அவர் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த அளவு பள்ளி விடுமுறை முடிந்ததும் எடுக்கப்படும்.